எல்லார் பேரும் உள்ள கொப்பி

அன்புள்ள ஆலோசகருக்கு,

நான் மானிப்பாய்ப் பக்கம். வயது 48. எங்கள் சபையின் சுகமளிக்கும் ஜெபக்குழுவில் கனகாலமாக இருக்கிறேன். உளவளத்துணைப் பயிற்சியும் எடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி வாட்டு, வீடு சந்திப்பு என்று கிழமையில் பாதி அதிலேயே போய்விடும்.

இப்போது சரியான களைப்பு. போதகர் ஒரு நாளும் ஒரு நன்றி சொன்னதில்லை. அண்மையில் ஆராதனை முடிவில் குழுவுக்கு நன்றி சொன்னவர், நேற்று வந்து சேர்ந்த பிள்ளைகளின் பேரையெல்லாம் வாசித்தார். என் பேர் இல்லை. குழுவில் மற்றவர்களும் அப்படித்தான். "அக்காவுக்கு அந்த வரம் இருக்கு" என்று சொல்லி, கஷ்டமான ஆட்களை என் தலையில் கட்டிவிடுவார்கள். இரவு பதினொரு மணிக்கும் போன் வரும். எடுக்காவிட்டால் எனக்கே நித்திரை வராது. என் கணவரோ, "உனக்கு வீடு ஒரு லொட்ஜ்" என்கிறார். இதற்கெல்லாம் போதகர்தான் ஒரு ஒழுங்கு செய்ய வேண்டும். அவருக்கு என் பேரே ஞாபகம் இல்லை!

ஓய்வெடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். தியான முகாமுக்கும் போனேன். அங்கேயும் பக்கத்து அறைப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் அவளுடைய கதையைக் கேட்டு ஜெபித்ததுதான் மிச்சம். மற்றவர்களுக்காக ஜெபித்தால் வார்த்தை தானாக வருகிறது. என் ஜெபக் கொப்பியில் இல்லாத பேர் இல்லை. அண்ணாவின் பேரைத்தான் எழுதுவதில்லை. 2009 மே மாதம், யுத்தம் முடிகிற நேரம், முல்லைத்தீவு வட்டுவாகலில் கண்டதாக ஒருவர் சொன்னதோடு சரி. அம்மா இன்றைக்கும் சாப்பாட்டு ஜெபத்தில் அவர் பேரைச் சொல்லுவா. நான் அந்த நேரம் தண்ணி எடுக்க எழும்பிவிடுவேன். அது பழைய கதை, விடுங்கள்.

போதகரிடம் இதை எப்படிச் சொல்வது? ஊழியம் செய்கிறவள் தன் ஆவிக்குரிய வாழ்க்கையை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது?

— ஒரு சகோதரி, யாழ்ப்பாணம்

*

அன்புள்ள சகோதரி,

விடுங்கள் என்கிறீர்கள். என்னால் விட முடியவில்லை.

போதகர் உங்கள் பேரைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது கவனக்குறைவு, அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஒரு பேர் விடுபட்டது இத்தனை நாளாகச் சுடுகிறதென்றால், நீங்களே எழுதாமல் விட்ட பேர் ஒன்று இருக்கிறதே, அது என்ன செய்துகொண்டிருக்கும்?

கணவர் சொல்வதிலும் எனக்கு நியாயம் தெரிகிறது. லொட்ஜ் என்ற சொல் கடுமைதான். ஆனால் அந்த வீட்டில்தான் அம்மாவின் சாப்பாட்டு மேசை இருக்கிறது. வாட்டில் யாருடைய கட்டிலருகிலும் உங்களால் இருக்க முடிகிறது, அந்த மேசையில் மட்டும் முடியவில்லை. மாற்கு 6ஆம் அதிகாரத்தில் இயேசு சீஷர்களை இளைப்பாறக் கூட்டிப்போகிறார். சனம் முந்தி ஓடிப்போய் அங்கே நிற்கிறது. முகாமில் உங்களுக்கு நடந்தது அதுவல்ல. அங்கே உங்களை ஒருவரும் துரத்தி வரவில்லை. நீங்களே போய் ஆள் பிடித்தீர்கள். கோபப்படாதீர்கள், இதை உங்களிடம் யாராவது சொல்லத்தான் வேண்டும்.

வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்கப் படையினரின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த போலின் பாஸ், இந்த மாதிரி இழப்பைத் தெளிவற்ற இழப்பு என்றார். உடல் இல்லை, அடக்கம் இல்லை, ஆள் வருவார் என்பதற்கும் ஒரு உறுதி இல்லை. மனம் அழவும் முடியாமல் காத்திருக்கவும் முடியாமல் நிற்கும். நம் சபைகளிலும் இதற்கு இடம் இல்லை: நினைவுநாள் ஜெபம் வைத்தால் செத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், சுகத்துக்காக ஜெபிக்கவோ ஆள் எங்கே என்று தெரியாது. அதனால் நீங்கள் பேரையே எடுக்காமல் விட்டீர்கள். அதை விசுவாசக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். கேட்டும் பதில் வராவிட்டால், நாளைக்கு எந்த முகத்தோடு இன்னொருத்திக்கு "கர்த்தர் கேட்பார்" என்று சொல்வது என்ற பயம் அது. உங்களுக்குப் போதகரில் இருக்கிற கோபத்தில் பெரும்பங்கு அவருக்கு உரியதல்ல என்று நினைக்கிறேன். என் பேரை மறந்துவிட்டார் என்று நீங்கள் எழுதியதை, இன்னொருவரை மனதில் வைத்து ஒருதரம் வாசித்துப் பாருங்கள்.

2017 தொடக்கம் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை வைத்துக்கொண்டு வீதியோரம் இருந்த தாய்மார், அவர்கள் எங்கே என்று கேட்பதை நிறுத்தவில்லை. உங்கள் அம்மாவும் நிறுத்தவில்லை. கேட்பதும் கோபிப்பதும் ஜெபத்துக்கு வெளியே உள்ளவை என்று உங்களுக்கு யார் சொன்னது? 88ஆம் சங்கீதம் கடைசி வரை முறைப்பாடுதான், ஒரு ஆறுதல் வசனம்கூட இல்லாமல் முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்துத்தான் இருக்கிறார்கள். சூரைச்செடியின் கீழ் போதும் என்று படுத்த எலியாவுக்கும் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான். சாப்பிட்டான், திரும்பவும் படுத்தான். ஏன் இப்படிச் சோர்ந்தாய் என்று அங்கே ஒருவரும் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. ஊழியக்காரர் தங்களைப் பேணுவது என்றால், என் கணக்கில் முகாமும் ஓய்வு நாளும் அதில் சின்னப் பங்கு. யாருக்காகவும் இல்லாமல், உங்களுடைய முறைப்பாட்டோடு கர்த்தரிடம் போவதுதான் பெரும்பங்கு. அந்த இடத்தில் நீங்கள் குழுவின் அக்கா இல்லை, தமையனைத் தேடுகிற தங்கச்சி.

போன் விசயம் சுகம்: இரவு எட்டு மணிக்குப் பிறகு அது கணவரின் கையில் இருக்கட்டும், குழுவில் இன்னொருவரின் இலக்கத்தை எல்லோருக்கும் கொடுங்கள். அப்புறம், உளவளத்துணை செய்கிறவருக்கும் ஒரு உளவளத்துணையாளர் வேண்டும். உங்கள் சபைக்கு வெளியே ஒருவரைத் தேடுங்கள். போன் இல்லாத இரவுகளிலும் நித்திரை வராவிட்டால் ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குப் போங்கள், நீங்களே எத்தனை பேரை அங்கே அனுப்பியிருப்பீர்கள்.

போதகரிடம் கதைக்கத்தான் வேண்டும். நன்றி சொல்லவில்லை என்பதைப் பிறகு பார்க்கலாம். அண்ணாவின் பேரை ஞாயிறு ஆராதனை மன்றாட்டில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். இறந்தவர் என்றும் வேண்டாம், சுகமாக இருப்பவர் என்றும் வேண்டாம், காணாமல் ஆக்கப்பட்டவர் என்று அப்படியே சொல்லட்டும். அதற்கு முதல் அம்மாவிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.