துருப்பிடித்த ஸ்ட்ராண்டைக் கர்டரில் போடலாமா?

கேள்வி: நவி மும்பை வாஷி கழிமுகத்தை ஒட்டி, பாலத்துக்கான காங்கிரீட் கர்டர்களை (உத்தரங்களை) வார்க்கும் ஒரு காஸ்டிங் யார்டில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். கர்டருக்குள் இழுத்துக் கட்டும் 15.2 மி.மீ. ஸ்ட்ராண்ட் (ஏழு எஃகுக் கம்பிகளை முறுக்கிய வடம்) காயில்கள் மழைக்காலம் முழுக்கத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்து துருவேறிவிட்டன. லேபில் இழுத்துப் பார்த்தோம், உடையும் சுமை சரியாக வந்தது. ரஸ்ட் ரிமூவர் தடவித் துடைத்துவிட்டுப் போடச் சொல்கிறார் கான்ட்ராக்டர். போடலாமா சார்?

பதில்: ரஸ்ட் ரிமூவரை மட்டும் பக்கத்தில் விடாதீர்கள். அவை பெரும்பாலும் அமிலம். அமிலம் எஃகில் படும்போது ஹைட்ரஜன் உண்டாகி, அதில் ஒரு பங்கு எஃகுக்குள்ளேயே புகுந்துவிடும். வீடு கட்டும் சாதாரண டிஎம்டி கம்பி இதைத் தாங்கிக்கொள்ளும். 1860 மெகாபாஸ்கல் வலிமையுள்ள ஸ்ட்ராண்ட் தாங்காது. அதன் வலிமையில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு ஜாக் போட்டு இழுத்து, ஆயுள் முழுக்க இழுவிசையிலேயே வைத்திருக்கிறோம். அந்த நிலையில் உள்ளே ஹைட்ரஜனும் இருந்தால் கம்பி எந்த அறிகுறியும் காட்டாமல், இழுத்த அன்றைக்கு இல்லாமல் பிறகொரு நாள் அறுந்துபோகலாம்.

உடையும் சுமை சரியாக வந்ததை வைத்து நிம்மதி அடையாதீர்கள். கடற்காற்றில் வரும் குளோரைடு கம்பியைச் சீராகத் தின்பதில்லை, அங்கங்கே குழி பறிக்கிறது. குழியின் அடியில் தகைவு (கம்பிக்குள் எழும் விசை) குவிகிறது. அதனால் உடையும் சுமை கொஞ்சமாகத்தான் இறங்கும். நீளும் தன்மைதான் முதலில் போகும். ஸ்ட்ராண்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 14268 கேட்பது குறைந்தது 3.5 சதவீத நீட்சி. உங்கள் லேப் அறிக்கையில் அந்த எண்ணைத் தேடுங்கள். அறுந்த முனையையும் பாருங்கள்: நல்ல கம்பி கழுத்துப் போல ஒடுங்கி அறும், கெட்டது ஒடுங்காமல் வெடுக்கென்று முறிந்திருக்கும். ரயில் கர்டர் என்றால் கவலை இன்னும் அதிகம். வண்டி போகும்போதெல்லாம் ஏறி இறங்கும் சுமையில், ஃபெட்டீக் (திரும்பத் திரும்ப வரும் சுமையால் எஃகு களைத்துப்போவது) விரிசல் தொடங்குவது அந்தக் குழியில்தான்.

ஏழு கம்பியில் ஒன்று அறுந்து, மொத்த இழுவிசையும் மீதி ஆறின் மேல் விழுந்தால், முன்பு சொன்ன முக்கால் பங்கு, அதாவது 75 சதவீதம் என்பது 87.5 ஆகிவிடும். இரண்டு அறுந்தால் 105.

சரி, எப்படிப் பிரித்தறிவது? பாத்திரம் தேய்க்கும் நைலான் நாரை எடுத்து, முறுக்கின் திசையிலேயே கையால் அழுத்தித் தேயுங்கள். துரு போய் வழவழப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், மேலோட்டமான துரு காங்கிரீட் பிடிப்பைக் கெடுக்காது. வெறும் கண்ணுக்குக் குழி தெரிந்தால் தள்ளிவிடுங்கள். வெளிச்சுற்று கெட்டு உள்சுற்று நன்றாக இருக்கலாம் என்பதால் பல சுற்றுகளில் பார்க்க வேண்டும். ஒரு துண்டின் முறுக்கைப் பிரித்து நடுக்கம்பியையும் பாருங்கள், ஈரம் தங்குவது அந்த இடுக்கில்தான். உதிரும் துரு, ஸ்ட்ராண்டின் முனையைக் கவ்விப் பிடிக்கும் வெட்ஜின் பல்லில் அடைத்தால் ஸ்ட்ராண்ட் வழுக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கான்ட்ராக்டர் காயில் விலையைச் சொல்வார். கோவாவில் 1986 ஜூலையில் மாண்டவி பாலம் விழுந்தது கேபிள் அரிப்பால்தான் என்று அவருக்குச் சொல்லுங்கள்.

இனி வரும் காயில்களைக் கட்டையின் மேல் உயர்த்தி, கூரையுள்ள இடத்தில் வையுங்கள். தார்ப்பாயைத் தரைவரை இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்து ஈரம் நிற்கும், காற்றுக்கு வழி விடுங்கள். ஷீத்திங்கில் (கர்டருக்குள் ஸ்ட்ராண்ட் போகும் குழாயில்) நுழைத்து இழுத்தபின், அதை நிரப்பும் சிமெண்ட் கிரௌட்டைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.