பட்டாளத்துக்கு ஏற்ற சுபாவம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகன் அக்னிவீரராகத் தேர்வாகியிருக்கிறான். அடுத்த மாதம் வெலிங்டனில் பயிற்சிக்குச் சேர வேண்டும். சின்ன வயதிலிருந்தே அதிகம் பேச மாட்டான், கூச்ச சுபாவம். “இவன் பட்டாளத்தில் தாங்க மாட்டான்” என்கிறார் என் அண்ணன். கஷ்டத்தைத் தாங்குவது பிறவிக் குணமா?

ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

பேசாமல் இருப்பது ஒரு குணம். தொட்டதற்கெல்லாம் மனம் பதறுவது வேறு குணம். உங்கள் அண்ணன் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார். படைவீரர்களிடம் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது, பதறும் மனம் உள்ளவர்கள்தான் மீள்வதற்குச் சிரமப்படுகிறார்கள் என்பது. கலகலப்பானவர்களுக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் விடாப்பிடி பெரிய துணை. 2004இல் அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில், முதல் கோடைப் பயிற்சியை யார் தாக்குப்பிடிப்பார் என்பதை மதிப்பெண், உடல் தகுதி எல்லாம் சேர்த்துப் போட்ட கணக்கைவிட, விடாப்பிடியை அளந்த 12 கேள்விகள் நன்றாகக் காட்டின.

சரி, குணம் மட்டும் போதுமா? வியட்நாமின் ஹனோய் நகரில் இருந்த ஹோவா லோ சிறையை நினைத்துக்கொள்கிறேன். அமெரிக்க விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேல் வியட்நாம் போரில் பிடிபட்டு, 1965 முதல் 1973 வரை அங்கே கைதி. அதில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனிமைச் சிறை. பேசினால் அடி. அதனால் கைதிகள் சுவரைத் தட்டிப் பேசினார்கள். ஆங்கில எழுத்துகளை ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் அடுக்கி, முதலில் எந்த வரிசை, பிறகு அதில் எத்தனையாவது என்று தட்டுவார்கள். ‘கடவுள் காக்கட்டும்’ என்பதற்கு, ‘காட் பிளெஸ் யூ’வின் முதலெழுத்துகளான ‘ஜி பி யூ’. இரண்டு-இரண்டு, ஒன்று-இரண்டு, நான்கு-ஐந்து. மொத்தம் 16 தட்டு. சித்திரவதை தாங்காமல் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டு வந்தவர், வெட்கத்தில் சுருண்டு கிடப்பார். அடுத்த அறையிலிருந்து தட்டுவார்கள்: எங்களுக்கும் இப்படித்தான் ஆனது. தைரியசாலி, பயந்தவர் என்ற வித்தியாசமில்லாமல் அங்கே அநேகமாக எல்லோரும் ஒரு நாள் உடைந்தவர்கள்தான். அவர்களை எழுப்பி உட்காரவைத்தது அந்தச் சத்தம் என்றே நான் நம்புகிறேன்.

திரும்பி வந்த கைதிகளை அமெரிக்கக் கடற்படை பல பத்தாண்டுகள் பரிசோதித்தது. 37 ஆண்டுகள் கழித்தும் மனநோய் இல்லாமல் இருந்தவர்களிடம் முக்கியமாகத் தெரிந்தது நம்பிக்கையான மனம். ஆனால் ஸ்டாக்டேலோ, ‘கிறிஸ்துமஸுக்குள் விட்டுவிடுவார்கள்’ என்று நாள் குறித்தவர்கள்தான் நொறுங்கினார்கள் என்றார். எனக்கு இதில் முரண் தெரியவில்லை. விடிவு வரும் என்று நம்பலாம், அதற்குத் தேதி வைக்கக் கூடாது.

அதனால் மகன் போன் செய்யும்போது, லீவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணவைக்காதீர்கள். பக்கத்துக் கட்டில் பையன் எந்த ஊர், பெயர் என்ன என்று கேளுங்கள். ஒரு மாதம் ஆகியும் அவனுக்குத் தெரியவில்லை என்றால், அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.