அக்கா கொடுத்த மச்சை

ஐயா, என் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். இந்தியாவில் எலும்பு மச்சை மாற்றினார்கள். கொடுத்தது நான். முழுப் பொருத்தம் என்றார்கள். ஊருக்கு வந்த பிறகு உள்ளங்கை, பாதம், காதுக்குப் பின்னால் எல்லாம் சிவந்து தோல் உரிகிறது. வயிற்றோட்டமும் நிற்கவில்லை. “அக்காட ரத்தம் சேரல்ல” என்கிறார்கள் சொந்தக்காரர். பிழை என்னிலா?

ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தங்கச்சி,

பிழை உங்களில் இல்லை. இதைச் சொந்தக்காரருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சிறுநீரகம் மாற்றினால் நோயாளியின் உடம்புதான் வந்த உறுப்பை எதிர்க்கும். மச்சையில் அது தலைகீழ். தம்பியின் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கிவிட்டுத்தான் உங்கள் மச்சையை ஏற்றுகிறார்கள். அதோடு உங்கள் ரி-கலங்களும், அதாவது எதிர்ப்புச் சக்தி தரும் ஒரு வகை வெள்ளைக் கலங்களும், போகின்றன. அந்நியமானதைக் கண்டால் தாக்குவதுதான் அவற்றின் வேலை.

முழுப் பொருத்தம் என்றால் முக்கியமான திசு அடையாளங்கள் ஒத்துப்போகின்றன என்பதுதான். கூடப்பிறந்தவர்களிலேயே நாலில் ஒருவருக்குத்தான் அது வாய்க்கும். அதற்குப் பிறகும் சின்னச் சின்னப் புரதங்கள் வேறுபடும். தம்பி ஆண், ஆணுக்கே உரிய வை (Y) நிறமூர்த்தம் உண்டாக்கும் புரதங்கள் உங்கள் உடம்பில் இல்லை; அதனால் உங்கள் ரி-கலங்களுக்கு அவை அந்நியம். போதாததற்கு, முன்னே கொடுத்த கடும் மருந்து குடலின் உட்சுவரைப் புண்ணாக்கிவிடும். அங்கிருந்து கிருமிகளின் கூறுகள் ரத்தத்தில் கசிய, உடம்பு முழுக்க அபாய அறிவிப்பு பரவும். அந்த நேரத்தில் விழித்துப் பெருகும் ரி-கலங்கள் தோல், குடல், ஈரல் என்று போய்த் தாக்குகின்றன.

சரி, அவற்றை முதலிலேயே வடிகட்டிவிட்டால் என்ன? 1980களில் செய்து பார்த்தார்கள். இந்தத் தொல்லை குறைந்தது, ஆனால் புற்றுநோய் திரும்புவது கூடியது. ஒரே கருவில் பிறந்த இரட்டையரின் மச்சையிலும் அதே கதைதான். மிஞ்சிய புற்றுநோய்க் கலங்களைத் தேடி அழிப்பதும் இதே ரி-கலங்கள்தான், தங்கச்சி. தம்பியைக் காப்பவை உங்கள் கலங்கள். அதனால்தான் வைத்தியர்கள் அவற்றை ஒழிக்காமல் சைக்ளோஸ்போரின், ஸ்டீராய்டு கொடுத்து அடக்கி வைக்கிறார்கள். ஸ்டீராய்டுக்கு அடங்காவிட்டால் ருக்சோலிட்டினிப் போன்ற மருந்துகள் இருக்கின்றன.

வயிற்றோட்டம் தொடர்வதால் இன்றைக்கே மச்சை மாற்றிய வைத்தியருக்குச் சொல்லுங்கள். காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ கண்டால் ஒரு பொழுதும் தாமதிக்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். நம்மூர் வெயில் தோலில் படாமல் முழுக்கைச் சட்டை போடட்டும். அப்புறம், மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால், “மச்சை மாற்றியவர், கதிர்வீச்சுச் செய்து ரி-கலங்களை முடக்கிய ரத்தம்தான் வேண்டும்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.