இழுக்கவும் வேண்டும், இடுப்பும் தாங்க வேண்டும்: பெரிய எஸ்யூவி கேள்வி-பதில்

சென்ற முறை பெரிய எஸ்யூவி பற்றி இரண்டு வரி எழுதினேன். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. கேம்பரோ (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் தங்கும் வண்டி) படகோ இழுக்கிற வண்டி வாங்கினால் உள்ளே உட்காருபவர்கள் பாடு என்ன என்பதுதான் எல்லாருக்கும் கவலை. கடிதங்களைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி (டல்லாஸ்): அண்ணா, புது செவர்லே டாஹோ ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, ஆறு பேரும் சேர்ந்து 850 பவுண்டு. சாமான் ஏற்றினால் 7,000 பவுண்டு வரும் கேம்பரும் வாங்கப் போகிறோம். டாஹோ 8,400 இழுக்கும், தாராளம் என்கிறார் டீலர். கதவு ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: இந்த கேம்பரோடு வேண்டாம் தம்பி. ஸ்டிக்கரை அனுப்பினீர்களே, அதுவே பெரிய விஷயம். விளம்பரத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு பதில் எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது.

8,400 என்பது சரியான எஞ்சினும் டிரெய்லரிங் பேக்கேஜும் உள்ள வண்டிக்கு மட்டும். ஜே2807 என்ற விதிமுறைப்படி சோதித்துப் போடுகிறார்கள். அரிசோனாவில் டேவிஸ் டேம் பக்கத்து மலைச்சாலையில், நல்ல வெயிலில், ஏசியை முழுசாக ஓடவிட்டு, 11.4 மைல் ஏற்றத்தில் வேகம் 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். கடுமையான சோதனைதான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பது 150 பவுண்டு ஆள் இரண்டே பேர். உங்கள் அப்பா அம்மாவும் பிள்ளைகளும் அதில் இல்லை.

இப்போது உங்கள் ஸ்டிக்கருக்கு வாருங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து 1,580 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று போட்டிருக்கிறது. டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு மாட்டும் இணைப்பு) மேல் அழுத்தும், அந்த டங் வெயிட்டும் இந்த 1,580-க்குள்தான் அடங்க வேண்டும். 12 சதவீதம் என்று வைத்தாலும் 840. ஹிட்ச் சாதனம் ஒரு 80. நீங்கள் ஆறு பேர் 850. கூட்டினால் 1,770. இன்னும் கூலர், அடுப்பு, அரிசி மூட்டை எதுவும் ஏறவில்லை! வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போட்டால் கொஞ்சம் பாரம் டிரெய்லர் சக்கரத்துக்கே திரும்பிப் போகும்தான், ஆனால் நீங்கள் பெட்டி படுக்கைகளை வைத்ததும் அது ஈடாகிவிடும். 22 இன்ச் சக்கரம், பெரிய கண்ணாடிக் கூரை, தானாக நீளும் படிக்கட்டு என்று சொகுசுக்காகச் சேர்க்கிற ஒவ்வொன்றின் எடையும் இதே 1,580-லிருந்துதான் கழிகிறது. அதனால்தான் ஒரே மாடலில் விலை கூடிய வண்டிக்குப் பல சமயம் பேலோட் (வண்டி சுமக்கக்கூடிய எடை) குறைவாக இருக்கிறது. எந்த டீலரும் இதைத் தானாக வாயைத் திறந்து சொல்லி நான் பார்த்ததில்லை.

மீறி ஏற்றினால் என்ன ஆகும்? பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கும். ஸ்டீயரிங் லேசாகி, பெரிய லாரி பக்கத்தில் கடக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஹெட்லைட் மேலே அடித்து, எதிரே வருகிறவர்கள் டிம் பண்ணச் சொல்லிச் சிமிட்டுவார்கள். ஸ்பிரிங் கடைசி வரை அமுங்கி ரப்பர் கட்டையில் போய் இடிப்பதால், எந்த மென்மைக்காக அந்த வண்டியை வாங்கினீர்களோ அதுவும் போய்விடும்.

உங்களுக்கு இரண்டு வழி. முழுசாக ஏற்றினாலும் 4,500 பவுண்டுக்குள் நிற்கும் கேம்பர் பாருங்கள். இல்லை, இதே கேம்பர்தான் வேண்டுமென்றால் அப்பா அம்மா இன்னொரு காரில் பின்னால் வரட்டும். எதுவானாலும் முதல் பயணத்துக்கு முன்னால் டிரக் ஸ்டாப்பில் இருக்கும் "கேட்" (CAT) என்ற எடைமேடையில் வண்டியையும் டிரெய்லரையும் ஏற்றிப் பாருங்கள்.

கேள்வி (ஃப்ரீமான்ட்): எதையும் இழுக்கப் போவதில்லை. ஆனால் பெரிய எஸ்யூவிதான் சொகுசு என்கிறார்கள் நண்பர்கள். அதுவா, மினிவேனா?

பதில்: மினிவேன்.

கேள்வி (ஸ்கார்பரோ, டொராண்டோ): அண்ணை, 5,000 பவுண்ட் வரும் படகு ஒன்றைக் கொட்டேஜுக்கு இழுக்கவேணும். அம்மாவுக்கு நாரி நோ (இடுப்பு வலி). 2023 டொயோட்டா செக்கோயா நல்லது என்று இவர் சொல்லுறார். 2022 ஃபோர்ட் எக்ஸ்பெடிஷனும் பார்த்தனாங்கள். அம்மா மூன்றாவது வரிசையில்தான் இருப்பா.

பதில்: தங்கச்சி, முதலில் அம்மாவை இரண்டாவது வரிசைக்கு மாற்றுங்கள். மூன்றாவது வரிசை பின் அச்சுக்கு மேலேயே இருக்கிறது, எந்த வண்டியானாலும் குலுக்கல் முழுவதும் அங்கேதான். பிள்ளைகள் பின்னால் போகட்டும்.

வண்டி விஷயத்தில் நான் எக்ஸ்பெடிஷன் பக்கம். பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு அதற்கு 2003 முதலே உண்டு. ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் மற்றது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும். அப்படியிருந்தும், கனமான டிரெய்லருக்கான பேக்கேஜோடு 9,300 பவுண்டு வரை இழுக்கிறது. செக்கோயாவுக்கும் 2008 முதல் 2022 வரை தனித்தனி அமைப்புதான் இருந்தது. 2023-ல் டன்ட்ரா லாரியின் அடித்தளத்துக்கு மாறியபோது பின்னால் ஒரே அச்சாக்கிவிட்டார்கள். இழுப்பு 9,520 வரை போனது, மூன்றாவது வரிசைத் தரையும் உயர்ந்தது, உட்கார்ந்தால் முழங்கால் தூக்கி நிற்கும். ஹைபிரிட் எஞ்சினின் வலு அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் 5,000 பவுண்ட் படகுக்கு அந்த 220 பவுண்டு வித்தியாசம் உங்களுக்கு எதற்கு? இழுப்பு வேண்டுமென்றால் குலுக்கலைச் சகிக்கத்தான் வேண்டும் என்பது பழைய கதை. டாஹோவே 2021-ல் ஒற்றை அச்சை விட்டபோது 8,600-லிருந்து 8,400-க்குத்தான் இறங்கியது.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், பனிக்காலம் முடிந்து பள்ளம் விழுந்து கிடக்கும் தெருவில் ஓட்டிப் பாருங்கள். டீலர் கூட்டிப்போகும் வழவழப்பான சாலையில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): பின் ஸ்பிரிங்குக்குள் வைக்கிற ஏர்பேக் கிட் வாங்கிப் போட்டுவிட்டேன். வண்டி இப்போது அமுங்குவதே இல்லை. இனி 1,000 பவுண்டு கூடுதலாக இழுக்கலாம் அல்லவா?

பதில்: கூடாது. ஒரு பவுண்டு கூடக் கூடாது. அச்சு, பிரேக், டயர், வண்டியின் அடிச்சட்டம் எல்லாம் பழையபடியே இருக்கின்றன, ஸ்டிக்கரில் இருக்கும் எண் மாறவில்லை. அந்த கிட் நானும் ஒருமுறை வாங்கினேன். வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான், டிரெய்லர் இல்லாத நாளில் கட்டை வண்டி மாதிரி இடிக்கும். வாங்கிப் போட்ட பிறகு கேட்கிற கேள்வியா இது? முன்னாடியே கேட்டிருக்கலாம்.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): ஏர் சஸ்பென்ஷன் இருக்கிறது, டிரெய்லர் மாட்டினால் தானே மட்டம் பிடிக்கும் என்று சொல்லி ஒரு பழைய எஸ்யூவியை விற்றார்கள். விளம்பரத்திலும் அப்படித்தான் இருந்தது. முதல் தடவை மாட்டியதும் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. மெக்கானிக் பார்த்துவிட்டு, ஏர் ஸ்பிரிங்கைக் கழற்றி சாதாரணக் காயில் ஸ்பிரிங் போட்டு, எச்சரிக்கை விளக்கும் எரியாமல் பண்ணியிருக்கிறார்கள் என்கிறார். "ஆஸ் இஸ்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டீர்களே என்கிறது கடை.

பதில்: படித்ததும் வயிறு எரிந்தது. உங்கள் மேல் தப்பே இல்லை, விளக்கை அணைத்து வைத்தவனை எந்த வாங்குபவர் கண்டுபிடிப்பார்? "ஆஸ் இஸ்" என்றால் இனி வரும் பழுதுக்குக் கடை பொறுப்பில்லை என்று அர்த்தம். இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லி விற்பது வேறு விஷயம், கையெழுத்தைக் காட்டி அவர்கள் மிரட்டினால் பயப்படாதீர்கள். விளம்பரத்தின் படம், கண்ணாடியில் ஒட்டியிருந்த பையர்ஸ் கைடு தாள் (உத்தரவாதம் உண்டா இல்லையா என்று சொல்வது), பேசிய மெசேஜ்கள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மெக்கானிக்கிடம் தேதியோடு எழுத்தில் அறிக்கை வாங்குங்கள், வாய்ச்சொல் உதவாது. ஏர் சஸ்பென்ஷனைத் திரும்பப் போட எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் மதிப்பீடும் வாங்கி, அந்தத் தொகையைக் கேட்டு கடைக்குக் கடிதம் அனுப்புங்கள். மசியவில்லையென்றால் மாநில நுகர்வோர் அலுவலகத்தில் புகார், தொகை வரம்புக்குள் வந்தால் சிறு வழக்கு நீதிமன்றம். அடுத்து என்ன நடந்தது என்று எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி (மெல்போர்ன்): நிசான் பேட்ரோல் ஒய்62, லேண்ட் குரூசர் 300. இரண்டும் 3,500 கிலோ இழுக்கும். எது?

பதில்: சொகுசுக்கு பேட்ரோல். நாலு சக்கரமும் தனித்தனி, திருப்பத்தில் சாய்வதைக் கட்டுப்படுத்தும் ஹைட்ராலிக் ஏற்பாடும் உண்டு. ஆனால் 5.6 லிட்டர் பெட்ரோல் வி8, கேரவன் மாட்டினால் பங்க் பங்காக நிற்க வேண்டும். லேண்ட் குரூசருக்குப் பின்னால் ஒற்றை அச்சு, 3.3 லிட்டர் டீசல், தூரம் போகிறவர்களுக்கு அதுதான். 3,500 கிலோ இழுத்தால் டோ பாலில் (டிரெய்லரை மாட்டும் உருண்டை) ஏறும் 350 கிலோவும் வண்டியின் பேலோடில் கழியும் என்பது இரண்டுக்கும் பொது.

கேள்வி (அட்லாண்டா): 2022 ஜிஎம்சி யூகான் டெனாலி, 6.2 லிட்டர் எஞ்சின். ஓட்டிப் பார்த்தோம், மிதக்கிறது. விலையும் குறைவு. நாளைக்கே முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 2021 முதல் 2024 வரை வந்த அந்த 6.2 எஞ்சினுக்கு 2025 ஏப்ரலில் ரீகால் (கோளாறைச் சரிசெய்ய கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது) வந்தது. கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராட் கோளாறு, அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6 லட்சம் வண்டிகள். என்எச்டிஎஸ்ஏ (அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பு) தளத்தில் வின் நம்பரை (வண்டியின் அடையாள எண்) போட்டுப் பாருங்கள், வேலை முடிந்ததற்கான சர்வீஸ் தாளையும் கேளுங்கள். தாள் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): 22 இன்ச் சக்கரம், பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் தூக்கித் தூக்கிப் போடுகிறது. காற்றைக் குறைத்தால் சரியாகுமா? மாதம் ஒருமுறை டிரெய்லரும் உண்டு.

பதில்: டிரெய்லர் மாட்டிய வண்டியில் காற்றைக் குறைத்தால் டயர் சூடேறி வெடிக்கும், தொடாதீர்கள். அந்த 22-ஐ விற்றுவிட்டு, உங்கள் வண்டிக்குக் கம்பெனியே கொடுக்கும் 18 இன்ச் சக்கரத்தைப் போடுங்கள். டயரின் லோட் ரேட்டிங் (தாங்கும் எடை) கதவு ஸ்டிக்கரில் சொன்னதற்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள்.