சட்டத் தாளில் 34 வாங்கியதற்காக சி.ஏ.வை விட வேண்டுமா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதமும் கூடவே அனுப்பிய விடைத்தாள் நகலும் கிடைத்தன. நகலுக்கு விண்ணப்பித்து வாங்கியது நல்ல காரியம். பல பெற்றோர் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள்.

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: உங்கள் மகள் பாப்பா பி.காம். முதலாண்டு படித்துக்கொண்டே, சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிப்பின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வு எழுதினார். மொத்தம் 400-க்கு 221. ஆனால் பிசினஸ் லா தாளில் 34. மொத்தத்தில் 50 சதவீதம் வந்தாலும் ஒவ்வொரு தாளிலும் 40 வேண்டும் என்பதால் தேர்ச்சி இல்லை. "அவளுக்கு மனப்பாடம் வராது, சட்டம் ஒத்துவராது, எம்.பி.ஏ. பக்கம் திருப்பிவிடலாமா?" என்று கேட்கிறீர்கள்.

திருப்ப வேண்டாம். குறைந்தபட்சம் இந்தக் காரணத்துக்காக வேண்டாம். எம்.பி.ஏ.விலும் பெரும்பாலும் சட்டத் தாள் ஒன்று காத்திருக்கும் என்பது ஒருபுறம். விடைத்தாளைப் பார்த்தால் அவருக்கு மனப்பாடம் நன்றாகவே வருகிறது, அதை வைத்துக்கொண்டுதான் மாட்டிக்கொண்டிருக்கிறார். 17 வயதுப் பையன் வயதை மறைத்துக் கடன் வாங்கினால் வசூலிக்க முடியுமா என்ற மாதிரி ஒரு கேள்விக்கு, ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர் யார் என்ற பிரிவை வார்த்தை பிசகாமல் முக்கால் பக்கம் எழுதியிருக்கிறார். கடைசியில் ஒரே வரி: "ஆகவே செல்லாது." பையன் பொய் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடன் கொடுத்தவர் ஏமாந்தாரா, தெரிந்தே கொடுத்தாரா என்ற யோசனையும் இல்லை. மதிப்பெண் இருப்பது அங்கேதான்.

இதே சிக்கலில் ஒரு உண்மையான வழக்கு உண்டு. பாடப்புத்தகத்தில் பெயர் மட்டும் வந்து போகும், கதையை யாரும் சொல்வதில்லை. கல்கத்தாவில் 1895-இல் தர்மதாஸ் கோஷ் என்ற மைனர் தன் வீட்டை 20,000 ரூபாய்க்கு அடமானம் எழுதிக் கொடுத்தார். வட்டித் தொழில் செய்தவர் பிரம்மோ தத். அவர் அப்போது ஊரில் இல்லை, அவர் சார்பில் காரியம் பார்த்தவர் கேதார்நாத் என்ற ஏஜென்ட். பையன் மைனர் என்று தாயார் தரப்பிலிருந்து அந்த ஏஜென்டுக்கு முன்கூட்டியே தகவல் போயிருந்தது. அப்படியும் பத்திரம் எழுதப்பட்டது. வழக்கு, அப்போது இந்தியாவுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1903-இல் தீர்ப்பு வந்தது: மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. இடையில் பிரம்மோ தத் இறந்துபோனதால், அவர் தரப்பில் வழக்கைத் தொடர்ந்தவரின் பெயரால் அது 'மொகரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ்' என்று நிற்கிறது. "எனக்குத் தெரியாது, என் ஏஜென்டுக்குத்தான் தெரியும்" என்று முதலாளி தரப்பு தப்பிக்கவும் முடியவில்லை. ஏஜென்டுக்குத் தெரிந்தது முதலாளிக்கும் தெரிந்ததாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

ஒப்பந்தம், கடன், முகவாண்மை (ஒருவருக்காக ஏஜென்ட் செயல்படுவது) மூன்றும் இந்த ஒரு வழக்கில் வந்துவிட்டன. கதை மனதில் நின்றால் பாப்பாவால் விதியைத் தன் சொந்த வார்த்தையில் சொல்ல முடியும். பிரிவு எண் நிச்சயமாகத் தெரிந்தால் எழுதட்டும், சந்தேகமாக இருந்தால் விட்டுவிடட்டும். தப்பான எண்ணை விட எண் இல்லாத பதிலே மேல். விதி இரண்டு மூன்று வரி. அதைவிடப் பெரிய பத்தியாக, கேள்வியில் நடந்ததை அந்த விதியோடு பொருத்திக் காட்ட வேண்டும். அப்புறம் முடிவு.

அடுத்து நீங்கள் கேட்காத ஒன்று. திருப்பூரில் பனியன் யூனிட் நடத்துகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தாளுக்கு உங்களை விட நல்ல ஆசிரியர் கிடைப்பது கஷ்டம். எந்தக் கோச்சிங் சென்டரிலும் கிடைக்காத உதாரணங்கள் உங்கள் மேஜை டிராயரில் கிடக்கின்றன.

முகவாண்மையை எடுத்துக்கொள்வோம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே 182-ஆம் பிரிவு முதல் இது வருகிறது. பொது விதி எளிது: ஏஜென்ட் தன் முதலாளிக்காகச் செய்த ஒப்பந்தத்துக்கு ஏஜென்ட் சொந்தமாகப் பொறுப்பில்லை. ஆனால் 230-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் வியாபாரிக்காக இங்கே ஏஜென்ட் சரக்கு வாங்கினாலோ விற்றாலோ, ஏஜென்டே பொறுப்பு என்று சட்டம் அனுமானிக்கும். அனுமானம்தான், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் மாறும். வெளிநாட்டு பையருக்காக பையிங் ஏஜென்ட் மூலம் ஆர்டர் எடுக்கும் ஊரில் இந்த விலக்கு எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. உங்கள் கடைசி ஆர்டர் ஷீட்டை எடுத்து பாப்பா முன்னால் வைத்து, "இதில் எனக்குப் பணம் தர வேண்டியவர் யார்? பையரா, ஏஜென்டா? எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் திணறட்டும், பரவாயில்லை.

இன்னொன்று. உங்களிடம் நூல் வாங்கும் வேலையைப் பார்த்த ஆள் நின்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நூல் கடைக்கு நீங்கள் சொல்லவில்லை. அவர் பழைய பழக்கத்தில் உங்கள் பெயரில் கடனுக்கு நூல் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பில் யாருக்கு? உங்களுக்குத்தான் வரும். வெளியாளைப் பொறுத்தவரை, அதிகாரம் போய்விட்டது என்று அவருக்குத் தெரியும்வரை அது இருப்பதாகவே கணக்கு. இதை ஒருமுறை கேட்டவர் பிரிவை மறந்தாலும் விதியை மறக்க மாட்டார்.

கடன் பகுதியில் ஜாமீன்தான் கனமான பாடம். "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்று போட்டுக் கொடுக்கும் ஜாமீன் கையெழுத்துக்கு, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவு பொறுப்பு உண்டு என்கிறது 128-ஆம் பிரிவு. வங்கி முதலில் கடன்காரரை விரட்டி முடித்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நேரே ஜாமீன்தாரரிடம் வரலாம். அதே சட்டம் அவருக்குக் கொஞ்சம் பாதுகாப்பும் தருகிறது: அவர் சம்மதமில்லாமல் கடன் நிபந்தனையை மாற்றினால், அதற்குப் பிந்தைய கொடுக்கல் வாங்கலுக்கு அவர் பொறுப்பிலிருந்து விடுபடுகிறார். பணத்தைக் கட்டிவிட்டால் கடன் கொடுத்தவருக்கு இருந்த உரிமையெல்லாம் இவருக்கு வந்துவிடும். உங்கள் வங்கிக் கடன் பத்திரங்களில் யார் கடன்தாரர், யார் ஜாமீன் என்று பாப்பாவையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

செக் திரும்பிய வழக்கின் காலக்கெடுவை நீங்களே அறிவீர்கள்: தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள், அது தாண்டினால் ஒரு மாதத்துக்குள் புகார். குறு, சிறு நிறுவனங்களுக்கு வர வேண்டிய பணத்துக்கு, எழுத்தில் ஒப்புக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் தவணை கூடாது என்ற 2006-ஆம் ஆண்டுச் சட்டமும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. அது ஊரில் எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகிறது என்பது வேறு கதை.

திவால் பகுதியில் நம் ஊரில் ஒரு தப்பான எண்ணம் ஆழமாக இருக்கிறது. "மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டான், இனி ஒன்றும் கேட்க முடியாது" என்பார்கள். தனிநபரும் ஒற்றை உரிமையாளர் தொழிலும் இன்றும் பெரும்பாலும் பழைய சட்டங்களின் கீழ்தான்: சென்னை நகருக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம். ஐ.பி. மனு, அதாவது திவால் மனு, போட்டதாலேயே கடன் தீர்ந்துவிடாது. நீதிமன்றம் திவாலானவர் என்று அறிவித்தால் சொத்து நீதிமன்றத்தின் பொறுப்புக்குப் போகிறது. கடனிலிருந்து விடுதலை தனியாக வாங்க வேண்டிய உத்தரவு. மோசடியால் வந்த கடன் அப்போதும் நிற்கும். நோட்டீசுக்கு முன்னால் மச்சான் பெயருக்கு எழுதி வைத்த இடத்தையும் நீதிமன்றம் ரத்து செய்ய வழி இருக்கிறது.

கம்பெனிகளுக்கு 2016-இல் வந்த திவால் சட்டம் தனி. அங்கே வழக்கு தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும், சென்னையில் அமர்வு இருக்கிறது. முதலில் 1 லட்சம் ரூபாய் பாக்கிக்கே மனு போடலாம் என்று இருந்தது, 2020 மார்ச்சில் அதை 1 கோடியாக உயர்த்தினார்கள். சின்ன சப்ளையர்களுக்கு அந்தக் கதவு அதோடு ஏறக்குறைய மூடிவிட்டது என்பது என் எண்ணம். கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்ட டைரக்டர்கள் மீதும் இந்தச் சட்டம் 2019 டிசம்பர் முதல் பாய்கிறது. 2021-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஃபவுண்டேஷனில் திவால் பற்றி இவ்வளவு ஆழமாகக் கேட்க மாட்டார்கள். ஆனால் ஜாமீன் பாடம் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்துகொண்டு படித்தால் அதில் ருசி வரும்.

இனி வேலை விஷயம். ஒப்பந்தம், முகவாண்மை, கடன், திவால் என்ற இந்த நான்கில் எது பாப்பாவை இழுக்கிறது என்று கவனியுங்கள். கணக்கும் கடனும் பிடித்தால் சி.ஏ.வே சரி. கம்பெனிச் சட்டம், விதிமுறை, ஆவண வேலை பிடித்தால் கம்பெனி செக்ரட்டரி படிப்பைப் பார்க்கலாம். ஒப்பந்தத்தில் ஒரு சொல்லுக்காக வாதாடப் பிடித்தால், பி.காம். முடித்துவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி. சேரலாம், அதற்கு இப்போதே எதையும் கைவிட வேண்டியதில்லை. திவால் வழக்குகளை நடத்தும் தொழில்முறை நிபுணர் என்று ஒரு வேலையும் இருக்கிறது. சி.ஏ., கம்பெனி செக்ரட்டரி, காஸ்ட் அக்கவுன்டன்ட், வழக்கறிஞர் ஆகியோர் பத்தாண்டு அனுபவத்துக்குப் பின் தனித் தேர்வு எழுதி அதில் நுழையலாம். அது இப்போதைய கவலை அல்ல, அப்படி ஒரு பாதை இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. ஃபவுண்டேஷனில் தாள்வாரி விலக்கு கிடையாது. அடுத்த முறை நான்கு தாளையும் மறுபடி எழுத வேண்டும். ஜனவரி, மே, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று வாய்ப்பு இருக்கிறது. கல்லூரி செமஸ்டர் தேர்வோடு மோதாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சட்டத்துக்கு தினமும் ஒரு மணி நேரம் போதும், ஆனால் அதில் பாதி நேரம் பேனா பிடித்து எழுதுவதாக இருக்கட்டும். மற்ற மூன்று தாளையும் ஆறப்போட்டுவிட்டு சட்டத்தையே கட்டிக்கொண்டு அழுதால், இந்த முறை 34 வேறு தாளில் வரும். அக்கவுன்ட்ஸும் எழுத்துத் தேர்வு என்பதால் பயிற்சி விட்டால் கை மெதுவாகிவிடும்.

கோச்சிங் சென்டர் முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கேட்கிறது, சேரட்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான்கு தாளுக்கும் மறுபடி சேர வேண்டிய அவசியம் இல்லை. சட்டத்துக்கு மட்டும், அதுவும் வாராவாரம் விடைத்தாள் திருத்தித் தரும் இடமாக இருந்தால் சேருங்கள். பணம் கட்டுவதற்கு முன் அந்தச் சேர்க்கைப் படிவத்தை, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் "கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது" உட்பட, பாப்பாவைப் படித்து உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். நடுவில் நின்றால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை அங்கேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அவருக்கு 18 முடிந்திருந்தால் அவர் கையெழுத்தே போதும், முடியவில்லை என்றால் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.