முயலும் வயிறும்

வணக்கம் அக்கா,

ஒரு வருடச் சீன மொழிப் படிப்புக்காக உதவித்தொகையில் பெய்ஜிங் வந்திருக்கிறேன். நேற்று முதல் வகுப்பு. ஆசிரியை இரண்டு வாக்கியங்கள் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒன்று 'வயிறு நிறைந்துவிட்டது'. இன்னொன்று 'முயல் ஓடிவிட்டது'. எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. நோட்டில் தமிழில் எழுதிப் பார்த்தேன், இரண்டுமே 'துட்ஸ பாவ் லெ' என்றுதான் வந்தன. முயலைச் சொல்லச் சொன்னால் ஏழெட்டு முறையும் வயிறுதான் நிறைந்தது. வகுப்பே சிரித்தது. டோன், அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம், அதுதான் கஷ்டம் என்று ஊரில் பயமுறுத்தி அனுப்பினார்கள். எனக்கு அதற்கு முன்னாலேயே தடுக்கிவிட்டது. போதாததற்கு, எனக்கு வைத்த சீனப் பெயரில் குடும்பப் பெயர் 'மா'. அகராதியில் பார்த்தால் குதிரை! தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டேனா?

ம., பெய்ஜிங்

அன்புள்ள ம.,

படித்துவிட்டுச் சிரித்தேன், மன்னியுங்கள். அந்த முயல் சீன வகுப்புகளில் ரொம்ப காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. என் வகுப்பிலும் ஓடியது. கொரியப் பிள்ளைகள் உடனே பிடித்துவிட்டார்கள், நான் பிடிக்க இரண்டு வாரம் ஆனது.

கவனித்தீர்களா, அந்த இரண்டு வாக்கியங்களிலும் டோன் ஒன்றேதான். வேறுபாடு மூச்சில் இருக்கிறது. வயிறுக்கும் நிறைவதற்கும் வரும் முதல் ஒலிகள் 'தலை', 'பல்' என்று நாம் சாதாரணமாகச் சொல்வதுபோலத்தான். முயலுக்கும் ஓடுவதற்கும் அதே ஒலிகளோடு மூச்சு ஊதிக்கொண்டு வரவேண்டும். இந்தி படித்தவர்களுக்கு இது பழக்கம், கொரிய மொழியிலும் உண்டு. தமிழில் இந்த மூச்சால் எந்தச் சொல்லின் பொருளும் மாறுவதில்லை. அதனால் நம் காது சின்ன வயதிலிருந்தே அதைக் கண்டுகொள்வதில்லை. உங்கள் நாக்கைத் திட்டாதீர்கள்.

ஒரு துண்டு காகிதத்தை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுச் சொல்லுங்கள். வயிற்றுக்குக் காகிதம் அசையக்கூடாது, முயலுக்குப் படபடக்க வேண்டும். அறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள், பார்ப்பவர்களுக்கு ஏதோ மந்திரிப்பதுபோல இருக்கும்.

அப்புறம், நோட்டில் தமிழில் எழுதுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். இதில் மட்டும் நான் கறார். உங்களைக் கவிழ்த்தது அந்த நோட்டுதான். நம் எழுத்தில் அந்த மூச்சுக்கு இடமே இல்லை, எழுதியதும் முயலும் வயிறும் ஒன்றாகிவிடும். சீன ஒலிகளை ஆங்கில எழுத்துகளில் எழுதும் பின்யினையே பழகுங்கள். 1958-ல் சீன அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. அதிலும் ஒரு குழி இருக்கிறது. ஆங்கிலத்தில் 'பஸ்' எழுதும் b எழுத்தைப் பார்த்ததும் நாம் 'பஸ்' என்பதுபோலவே சொல்லிவிடுவோம். பின்யினில் அது 'பல்'லின் முதல் ஒலி. ஆங்கிலத்தில் 'பேப்பர்' எழுதும் p எழுத்துதான் மூச்சு விடும் எழுத்து.

உங்களிடம் கையிருப்பும் உண்டு. மனிதர் என்பதற்கான சீனச் சொல் 'ரென்'. அதன் முதல் ஒலியில் ஐரோப்பிய மாணவர்கள் பலர் திணறுவார்கள். 'வாழை' சொல்லும் இடத்தில் நாக்கை வைத்து 'ழென்' என்று சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும். இதற்குக் காகிதம் வேண்டியதில்லை.

டோனுக்கு இவ்வளவு பயம் வேண்டாம். ஒருநாள் கடையில் போய் 'ஒரு தட்டு தூக்கம் கொடுங்கள்' என்று கேட்டிருக்கிறேன். பூரணம் வைத்து வேகவைத்த சீனக் கொழுக்கட்டைக்கும் தூங்குவதற்கும் ஒரே ஒலிதான், ஏற்ற இறக்கம் மட்டும் வேறு. கடைக்காரம்மா முகத்தில் ஒரு சலனமும் இல்லை, கொழுக்கட்டை வந்தது. சாப்பாட்டுக் கடைக்கு யாரும் தூங்க வருவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

குதிரை விஷயம். மா மிகப் பரவலான குடும்பப் பெயர். அலிபாபா என்ற இணைய வணிக நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாக் மா உங்கள் வகையறாதான். சீனாவின் ஹுய் இன முஸ்லிம்களிடம் இந்தப் பெயர் ரொம்ப அதிகம். முத்து என்று ஒருவரைக் கூப்பிடும்போது நமக்குச் சிப்பியா ஞாபகம் வருகிறது? அவர்களுக்கும் குதிரை ஞாபகம் வராது. ஒலி ஒத்துப்போகிறது என்று உங்கள் ஆசிரியை யோசித்தே வைத்திருப்பார். 1963-ல் தொடங்கிய சீன வானொலித் தமிழ்ப் பிரிவில் வேலை செய்யும் சீனர்களும் தமிழ்ப் பெயர் வைத்துக்கொள்வது வழக்கம்.

தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏழெட்டு முறையும் வயிறுதான் நிறைந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சிரித்தது, நீங்கள் சொன்னது வயிறு என்று தெளிவாகப் புரிந்ததால்தானே? சரி, முதல் நாளிலேயே ஒரு முழு வாக்கியம் பிசகாமல் வந்திருக்கிறது. முயலைப் பிடித்ததும் எழுதுங்கள்.