சேர்க்கைப் படிவத்தில் என்ன கையெழுத்துப் போட்டீர்கள்?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். என் மகள் கிறிஸ்தவ நிர்வாகம் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் காலையில் ஜெபமும் பாட்டும் உண்டு. வாரம் இரண்டு பீரியடு நன்னெறி என்ற பெயரில் பைபிள் கதை நடத்துகிறார்கள். வீட்டிலும் அந்தப் பாட்டையே முணுமுணுக்கிறாள். ஒருநாள் நெற்றியில் இருந்த திருநீற்றை அழிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நியாயம் கேட்கப் போனால், "பிடிக்கலேன்னா டி.சி. வாங்கிக்கோங்க" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் தாயார் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளைகள் படிப்பில் மதத்துக்கு என்ன வேலை? மதமாற்ற வழக்கு, கல்வி உரிமைச் சட்டப்படி புகார், 10 லட்சம் நஷ்டஈடு, இந்த மூன்றும் கேட்கலாமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: உங்கள் தாயாரின் வருத்தமும், வாசலில் நடந்த அவமானமும் எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டையும் மனுவில் எழுத முடியாது. படிப்பில் மதம் இருக்கலாமா என்ற கேள்விக்கும் நீதிமன்றம் உங்களுக்காகப் பதில் சொல்லாது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. அரசு உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியில் கட்டாயப்படுத்தக் கூடாது. அரசியலமைப்பின் 28-வது பிரிவு அதோடு நிறுத்திக்கொள்கிறது. உங்களுக்குப் பொருந்துவது இரண்டாவது. அங்கே மாணவியோ, மைனராக இருந்தால் காப்பாளரோ சம்மதம் தந்திருந்தால் ஒழிய, மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. சரஸ்வதி வந்தனம் பாடும் அறக்கட்டளைப் பள்ளியில் படிக்கும் கிறிஸ்தவப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் இதே பாதுகாப்புதான்.

ஆக, உங்கள் வழக்கு ஒரே சொல்லில் நிற்கிறது: சம்மதம். ஆறாம் வகுப்பில் சேர்த்தபோது படிவத்தின் கடைசிப் பக்கத்தில் எதற்குக் கீழே கையெழுத்துப் போட்டீர்கள்? "பள்ளியின் வழிபாடு, நன்னெறி வகுப்பு உள்ளிட்ட அனைத்திலும் கலந்துகொள்ளச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு வரி பல பள்ளிகளின் படிவத்தில் உண்டு. இடம் கிடைத்த சந்தோஷத்தில் யாரும் படிப்பதில்லை. அந்த வரி இருந்தால், இன்றைய நிலையில் நீங்கள் சம்மதித்த பெற்றோர். எழுத்தில் அதைத் திரும்பப் பெறும்வரை பள்ளி கட்டாயப்படுத்தியது என்று நான் எந்த நீதிபதி முன்னும் வாதாட மாட்டேன். தந்த சம்மதம் பள்ளிப்படிப்பு முடியும்வரை கட்டிப்போடாது, திரும்பப் பெறலாம் என்பது என் உறுதியான கருத்து.

நன்னெறி பீரியடு வேறு சங்கதி. எல்லா மதங்களின் கருத்துகளையும் அறிமுகப்படுத்துவது மதபோதனை ஆகாது என்று 2002-ல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மகளின் நோட்டை எடுத்துப் பாருங்கள். பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதையை எழுதி, அடுத்தவருக்கு உதவ வேண்டும் என்று முடித்திருந்தால் உங்களுக்கு அதில் வழக்கு இல்லை. ஜெபத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கச் சொல்லி மதிப்பெண் போட்டிருந்தால் உண்டு.

திருநீற்றை இதில் சேர்க்காதீர்கள். பள்ளிச் சீருடையும் மத அடையாளமும் மோதும் கேள்வியில், ஹிஜாப் வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுதி, விஷயம் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. தெளிவான வாதத்தோடு தெளிவில்லாததைக் கட்டினால் இரண்டும் சேர்ந்து மூழ்கும்.

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் வருகிறேன். தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-லேயே திரும்பப் பெறப்பட்டுவிட்டது. அப்படி ஒரு வழக்குக்கு இங்கே சட்டமே இல்லை. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-ல் பிரமாதி வழக்கில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அதன் சரித்தன்மையை மறுபரிசீலனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மாற்றித் தீர்ப்பு வரும்வரை பழையதே சட்டம். எட்டாம் வகுப்புவரை வெளியேற்ற முடியாது என்று அந்தச் சட்டத்தை நம்பிப் பள்ளியோடு மோதாதீர்கள். 10 லட்சத்தை மறந்துவிடுங்கள்.

இனி, நான் பயப்படும் விஷயம்.

அது அந்த டி.சி.தான். பள்ளி தானாக உங்கள் மகளை வெளியேற்றினால் மறுநாளே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அதனால் வெளியேற்ற மாட்டார்கள். உங்களைக் கோபப்படுத்தி, உங்கள் கையாலேயே விண்ணப்பம் எழுதி வாங்குவார்கள். "பெற்றோர் விருப்பத்தின் பேரில்" என்று டி.சி.யில் எழுதிவிட்டால் முடிந்தது. கட்டாயம் என்ற வாதமும் போய்விடும், திரும்பச் சேர்க்கச் சொல்லும் உரிமையும் போய்விடும். நியாயமான வழக்கோடு வந்த பலரை, அந்த ஒரு காகிதத்துக்காக நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வீட்டில் யாரும், உங்கள் மனைவியோ தாயாரோகூட, பள்ளி நீட்டும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது.

இரண்டாவது பயம் உங்கள் மகளைப் பற்றியது. உங்களைப் போலவே ஒருவர் பல வருடங்களுக்கு முன் வந்தார். பொறுமையாக ஒரு கடிதம் கொடுப்போம் என்றேன். கேட்காமல், ஊரில் யாரோ சொன்னார்கள் என்று "மதம் மாற்ற முயன்றார்கள்" எனப் போலீஸில் எழுதிக் கொடுத்தார், வாட்ஸ்அப்பிலும் போட்டார். பத்து வயதுப் பெண்ணிடம் முதலில் போலீஸ் கேட்டது, பிறகு கல்வித் துறை, பிறகு குழந்தைகள் நலக் குழு. ஓரிடத்தில் பாடச் சொன்னார்கள் என்றாள். இன்னோரிடத்தில் எனக்குப் பிடித்துத்தான் பாடினேன் என்றாள். இரண்டும் உண்மைதான், அந்த வயதுப் பிள்ளை அப்படித்தான் பேசும். ஆனால் புகார் பொய்யென்று மூடப்பட்டது. பொய்ப் புகாருக்கும் அவதூறுக்கும் தந்தை மீது நடவடிக்கை கேட்டுப் பள்ளி மனு போட்டது. அந்தப் பெண் வருடத்தில் பாதி நாள் பள்ளிக்கே போகவில்லை. தன்னால்தான் அப்பாவுக்கு வழக்கு என்று என் ஆபீஸில் உட்கார்ந்து அழுதாள். அந்த வழக்கை நான் இன்னும் முதலில் எடுத்தே இருக்கக் கூடாதென்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் மகள் அந்தப் பாட்டை முணுமுணுக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே சமாதானமாகப் போங்கள் என்கிறேன். தோற்போம் என்பதற்காக இல்லை. நீங்கள் ஜெயித்தாலும் நீதிமன்றம் தரப்போவது ஜெபத்துக்கு வரும்படி வற்புறுத்தாதே என்ற ஓர் உத்தரவுதான். ஒரு கடிதத்தால் அதே பலன் கிடைக்கும். மகளை இந்து என்றும், 28(3) பிரிவின்படி வழிபாட்டுக்கும் மதபோதனைக்கும் தந்த சம்மதத்தை இன்று முதல் திரும்பப் பெறுகிறேன் என்றும், அந்த பீரியடில் நூலகத்தில் உட்கார வைக்கும்படியும் தாளாளருக்கும் தலைமையாசிரியருக்கும் எழுதுங்கள். யாரையும் குற்றம் சொல்லும் ஒரு வார்த்தை வேண்டாம். அலுவலகத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள்.

காலைக் கூட்டத்தில் பாடும்போது அவள் மரியாதையாக எழுந்து நின்றால் போதும், வாய் திறக்க வேண்டியதில்லை. 1985-ல் கேரளத்தில் தேசிய கீதம் பாடாமல் அமைதியாக எழுந்து நின்ற மூன்று பிள்ளைகளைப் பள்ளி நீக்கியது. மறு வருடம் பிஜோ இம்மானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. கீதத்தை அவமதிக்காமல், யாருக்கும் இடைஞ்சல் செய்யாமல் நின்றார்கள் என்பதே அவர்களைக் காப்பாற்றியது. காதைப் பொத்திக்கொள், வெளியே ஓடி வா என்றெல்லாம் மகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால், முத்திரை போட்ட நகல், சேர்க்கைப் படிவத்தின் நகல், நன்னெறி நோட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு மதுரைக்கு வாருங்கள். மகளைக் கூட்டி வர வேண்டாம்.